ரத்தம் எடுத்தீங்களே, என்னாச்சு?

போன வாரம் தாராவி 90 அடி சாலையில் பொது சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் நாலைந்து பேர் கையில் டேப்லெட்டோடு சந்துக்குள் நுழைந்ததைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் நுழைந்த அதே வேகம். ஒப்புதல் படிவம், நெறிமுறைக் குழு எல்லாம் பேராசிரியர் சொல்லியிருப்பார். அவர் சொல்லாததை, இங்கே ஆய்வுக்கு வருகிறவர்கள் செய்யும் தப்புகளை, நான் சொல்கிறேன்.

காலையில் கூட்டம் போடுவது

குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. யாரும் வரமாட்டார்கள்.

சங்கத் தலைவர்தான் சமூகம் என்று நினைப்பது

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் உண்டு. போன வருடம் வாடகைக்கு வந்தவர்களும் உண்டு. ஆலோசனைக் குழுவில் உட்காருவது மைக் பிடித்துப் பழகியவர்கள் மட்டும். எங்கள் குழுவில் ஒன்பது பேர்; வாடகைக்காரர் ஒருவர்கூட இல்லை.

முடிவைச் சொல்லாமல் போவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். ரத்தசோகை ஆய்வு ஒன்று. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டைச் சின்னக் கருவியில் வைத்தால், கொஞ்ச நேரத்தில் ஹீமோகுளோபின் அளவு திரையில் வந்துவிடும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, 8-க்குக் கீழே என்றால் கடுமை. இட்லி போட்டு விற்பனைக்குக் கொடுக்கும் ஓர் அக்காவுக்கு 7.4. "ஏ பிள்ள, எவ்ளோ இருக்கு?" என்று கேட்டார். "எல்லாம் முடிஞ்சதும் சொல்லுவாங்கக்கா" என்றேன். மேலே இருந்தவர்கள் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள். ஆய்வு முடிந்தது, ஆங்கிலத்தில் கட்டுரையும் வந்தது. அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

எட்டு மாதம் கழித்து வேறு ஆய்வுக்காக அதே சந்து. அக்கா கிரைண்டரை நிறுத்தினார். "அன்னைக்கு ரத்தம் எடுத்தியே, என்னாச்சு? மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு நானா ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒடம்புல ரத்தமே இல்லன்னாங்க. உனக்கு அன்னைக்கே தெரியும்லா?"

அதற்கப்புறம் அந்தச் சந்தில் ஒரு விரல்கூட எங்களிடம் நீளவில்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது, சரி. ஆனால் அக்காவுக்கு வேண்டியது அந்த 57 இல்லை, அவருடைய 7.4. அத்தனை பெரிய ஆய்விலேயே வீட்டு வாசலில் அளவைச் சொல்லிவிட்டார்கள். முந்நூறு வீட்டு ஆய்வுக்கு என்ன கேடு? "டேட்டாவைச் சுத்தம் பண்ணிட்டு சொல்றோம்" என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது நாங்கள் அங்கேயே ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறோம்: அளவு, அதற்கு என்ன அர்த்தம், சயான் ஆஸ்பத்திரியில் எந்த ஓபி. 8-க்குக் கீழே வந்தால், அவரோடு ஆஸ்பத்திரிக்கு யார் போவது என்பதை ஊசி எடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுவோம்.

புத்தகத் தமிழில் படிவம்

"தன்னார்வப் பங்கேற்பாளர்" என்று வாசித்தேன். "அது எந்தக் கட்சி?" என்றார் ஒரு பாட்டி.

உள்ளூர்ப் பெண்களைச் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது

வீடு காட்டுவது, கதவைத் தட்டுவது, மொழிபெயர்ப்பது எல்லாம் அவர்கள்தான். நிதி கேட்கும்போதே சம்பளத்தை எழுதிவிடுங்கள், அப்புறம் நுழைக்க முடியாது.