ஒரு லிட்டர் தண்ணீரில் நீலவானமும் அந்தி நிறமும்

தண்ணீரில் கொஞ்சம் பால் கலந்து டார்ச் ஒளியைப் பாய்ச்சி, வானத்தின் நீலத்தையும் அந்தி நிறத்தையும் வீட்டிலேயே பார்க்கலாம். முதலில் பாத்திரம். சுமார் 25 செ.மீ. நீளம், தட்டையான பக்கங்கள், நிறமில்லாத கண்ணாடி அல்லது பிளாஸ்டிக். உருண்டை பாட்டில் வேண்டாம்; அது லென்ஸ்போல ஒளியை வளைத்துவிடும்.

அதில் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி, குமிழ்கள் அடங்கப் பத்து நிமிடம் விடுங்கள். பெங்களூரில் காவிரித் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ, எதுவானாலும் பரவாயில்லை. கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியுமளவு ஒளியைச் சிதறடிக்காது, கலங்கல்தான் கெடுக்கும். அறையை இருட்டாக்கி லேசர் பாயிண்டரை அடித்துப் பாருங்கள் (பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும்; கண்ணில் படவே கூடாது). கோடு பளிச்சென்று தெரிந்தால் தண்ணீரை வடிகட்டியாக வேண்டும்.

இனி பால். இதில்தான் பலருக்கும் தவறுகிறது. டோன்டு பாலில் 3 சதவீதம் கொழுப்பு. அந்தப் பெரிய துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிப்பதால் வெண்மைதான் மிஞ்சும். நீலத்தைத் தருபவை 0.1 முதல் 0.2 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான கேசின் என்ற பால் புரதத் துகள்கள். ஆகவே கொழுப்பு நீக்கிய பால் வாங்குங்கள். பவுடர் என்றால் 1 கிராமை 10 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். திரிந்த பாலில் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், உதவாது.

ஊசியில்லாத சிரிஞ்சால் 1 மி.லி. பால் விட்டு மெதுவாகக் கலக்குங்கள். அட்டையில் 5 மி.மீ. துளையிட்டு, அதன் வழியே வெள்ளை டார்ச்சை நீளவாக்கில் பாய்ச்சுங்கள். பக்கவாட்டில் இளநீலம், எதிர்முனையில் வைத்த வெள்ளைத் தாளில் மஞ்சள். அரை அரை மி.லி.யாகக் கூட்டி 2, 3 மி.லி. வந்ததும் மஞ்சள் ஆரஞ்சாக மாறும். மிகச் சிறிய துகள்களுக்குச் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம்: 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நாலு மடங்குக்கும் மேல் சிதறும். கேசின் கொஞ்சம் பெரிசு, எனவே வேறுபாடு சற்றுக் குறையும்.

அடுத்து, போலராய்டு கூலிங்கிளாஸைப் பக்கவாட்டில் பிடித்துச் சுழற்றுங்கள். கற்றை ஒளிர்ந்து மங்கும். செங்கோணத்தில் சிதறிய ஒளி முனைவாக்கம் பெற்றிருக்கிறது, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கின்றன. 1921-இல் கப்பலில் சென்ற சி.வி. ராமன், கடற்பரப்பில் எதிரொளிக்கும் வானத்தை நிக்கோல் பட்டகத்தால் (போலராய்டு போல முனைவாக்கிய ஒளியைத் தடுக்கும் படிகம்) மறைத்துவிட்டு, நீரின் நீலம் அப்படியே இருப்பதைக் கண்டதும் ஒளியின் முனைவாக்கத்தைக் கொண்டுதான். இந்தப் படியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

சுழற்றியும் மாற்றமில்லையா? பால் கூடிவிட்டது. 10 மி.லி. போனால் ஒளி துகளுக்குத் துகள் பலமுறை சிதறி, நிறமும் முனைவாக்கமும் கலைந்துவிடும். பாதியை வடித்துவிட்டுத் தண்ணீர் சேருங்கள்.