ஆய்வுக் கருவிக்கு மானியம் கேட்கும்போது கல்லூரிகள் செய்யும் தவறுகள்

கருவி வாங்க மானியம் கேட்டு வரும் பல விண்ணப்பங்களை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடலாம், இது தேறாது என்று. அந்தப் பக்கம் முழுக்கக் கருவியின் புகழ்தான் இருக்கும். மாடல் என்ன, துல்லியம் என்ன, எவ்வளவு அதிநவீனம் என்று. கருவி நல்ல கருவி என்பதில் மதிப்பீட்டாளருக்குச் சந்தேகமே கிடையாது, அதைத் தயாரித்த நிறுவனமே விலாவாரியாகச் சொல்லியிருக்கிறது. அவர் தேடுவது வேறு. இது இல்லாததால் உங்கள் கல்லூரியில் எந்த வேலை நிற்கிறது, அந்த வேலையின் முடிவுக்கு வெளியே யார் காத்திருக்கிறார்கள், கருவி வந்தபிறகு அதை யார் ஓட்டப்போகிறார்கள்? பயன்பாட்டு ஆராய்ச்சிக்கான நிதி என்றால் இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் மற்றதெல்லாம் எடுபடாது.

ஒரு உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறேன், அப்போதுதான் எங்கே இடறுகிறது என்பது தெளிவாகத் தெரியும். குடிநீரில் கன உலோகங்களைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கு ஒரு வேதியியல் துறை ஐசிபி-எம்எஸ் கருவி (மிகச் சிறிய அளவிலும் பல தனிமங்களை ஒருசேர அளப்பது) கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'எங்கள் துறையின் ஆராய்ச்சித் திறனை மேம்படுத்த இக்கருவி இன்றியமையாதது' என்று எழுதினால் அது வெறும் காற்று. இப்படி எழுதிப் பாருங்கள்: குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், எங்களிடம் இருக்கும் ஃபிளேம் ஏஏஎஸ் கருவி (மாதிரியைச் சுடரில் ஆவியாக்கி, அது உறிஞ்சும் ஒளியை வைத்து உலோகத்தை அளப்பது) அந்த அளவில் நம்பகமான எண் தராது, ஆகவே தண்ணீர் பாதுகாப்பானதா இல்லையா என்று சொல்லவேண்டிய இடத்தில்தான் எங்கள் கருவிக்குக் கண் தெரியவில்லை. ஒரே வாக்கியம்தான். ஆனால் படிப்பவருக்குத் தேவை என்ன என்பது உடனே புரிந்துவிடும்.

அடுத்து அவர் கேட்கப்போகும் கேள்வியையும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஈயம்தான் பிரச்சினை என்றால், சுடருக்குப் பதில் சூடேற்றிய கிராஃபைட் குழாயை வைத்து இன்னும் குறைந்த அளவையும் அளக்கும் கிராஃபைட் ஃபர்னஸ் ஏஏஎஸ் போதாதா, விலையும் குறைவாயிற்றே? பலர் தேவைக்கு மேலான கருவியைக் கேட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான். வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரியதாகவே கேட்போம், வெட்டினாலும் பாதியாவது வரும் என்று ஒரு கணக்கு போடுவார்கள். கருவி மானியத்தில் அந்தக் கணக்கு செல்லாது, பாதிக் கருவி என்று ஒன்று கிடையாதே. உங்களுக்கு உண்மையிலேயே ஐசிபி-எம்எஸ் வேண்டும் என்றால் காரணத்தைச் சொல்லுங்கள்: கிராஃபைட் ஃபர்னஸ் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு தனிமத்தைத்தான் அளக்கும், ஒரு அளவீட்டுக்கே சில நிமிடங்கள் பிடிக்கும், எங்களுக்கோ ஈயம், ஆர்சனிக், காட்மியம் என்று பல தனிமங்களை நூற்றுக்கணக்கான மாதிரிகளில் பார்க்கவேண்டும். இந்தக் காரணம் நிற்கும். காரணம் சொல்ல முடியவில்லை என்றால், சரி, சின்னக் கருவியையே கேளுங்கள். தேவைக்குச் சரியாகப் பொருந்தும் சின்ன விண்ணப்பம் பெரிய ஆசையை விட எப்போதும் வலுவானது.

பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் அதே கருவி இருப்பதை மறைப்பது இன்னொரு பெரிய தவறு. மதிப்பீட்டுக் குழுவில் அந்த ஊர்க்காரர் ஒருவர் இருந்தால் போதும், கதை முடிந்தது. நீங்களே சொல்லிவிடுங்கள்: அங்கே இருக்கிறது, காத்திருப்பு இவ்வளவு நாள், வெளி மாதிரிக்குக் கட்டணம் இவ்வளவு, எங்கள் மாணவர்கள் கருவியைத் தொட வாய்ப்பில்லை, மாதிரியைக் கொடுத்துவிட்டு முடிவை மட்டும்தான் வாங்கி வருகிறார்கள். கடைசியில் சொன்ன காரணம் ஒரு கல்லூரிக்கு மிக வலுவானது, அதை ஏன் யாரும் எழுதுவதில்லை என்று எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. ஏற்கெனவே கட்டணம் கட்டிப் பரிசோதித்த ரசீதுகள் கையில் இருந்தால் அவையே தேவைக்கான சாட்சி, அப்படியே விண்ணப்பத்தில் பேசவிடுங்கள்.

தொழில் நிறுவனங்களின் ஆதரவுக் கடிதங்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஐந்து நிறுவனங்களிடமிருந்து ஐந்து கடிதம், ஐந்திலும் ஒரே வாசகம், ஒரே இடத்தில் அதே எழுத்துப்பிழை. கல்லூரியில் யாரோ தட்டச்சு செய்து அனுப்பியதில் அவர்கள் லெட்டர்ஹெட்டைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரியும். இப்படிப்பட்ட ஐந்து கடிதத்துக்குப் பதில் உருப்படியான ஒரு கடிதம் போதும். நீர் சுத்திகரிப்பு ஃபில்டர் தயாரிக்கும் சின்ன நிறுவனம் ஒன்று, 'எங்கள் ஃபில்டரில் ஆறு மாதம் ஓடியபிறகு ஈயம் கசிகிறதா என்று தெரியவேண்டும், மாதம் இத்தனை மாதிரி அனுப்புவோம், எங்கள் பொறியாளர் ஒருவர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார்' என்று எழுதிக்கொடுத்தால், தமிழிலோ ஆங்கிலத்திலோ நடை கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை, அது ஒரு உண்மையான தேவை. அந்தக் கடிதம் வேண்டுமென்றால் கடைசி வாரத்தில் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கக்கூடாது. முன்கூட்டியே நேரில் போய் உட்கார்ந்து, அவர்கள் கஷ்டம் என்ன என்று கேட்கவேண்டும். திட்டத்தின் பாதி அந்தப் பேச்சிலிருந்தே வரும்.

இப்போது பணத்துக்கு வருவோம், அதிகம் சறுக்குவது இங்கேதான். கொட்டேஷனில் இருக்கும் கருவி விலையை அப்படியே பட்ஜெட்டில் எழுதிவிடுகிறார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குத் திண்டாடுவது என்பது இதுதான். ஐசிபி-எம்எஸ் என்றால் அதைக் குளிர்விக்கச் சில்லர் வேண்டும், எக்ஸாஸ்ட் குழாய் வேண்டும், மாதிரிகளை ஒவ்வொன்றாகத் தானே எடுத்துக்கொடுக்கும் ஆட்டோசாம்ப்ளர் பெரும்பாலும் தனி விலை, மாதிரிகளை அமிலத்தில் கரைத்துத் தயார்செய்ய மைக்ரோவேவ் டைஜஸ்டர் தேவைப்படலாம், அளவுதிருத்தத்துக்கு ஸ்டாண்டர்டுகள் (அளவு தெரிந்த கரைசல்கள்), மிகத் தூய அமிலம், மிகத் தூய நீர். அதோடு போக்குவரத்து, காப்பீடு, சுங்கம், நிறுவும் செலவு, பயிற்சி, மென்பொருள் உரிமம் ஓர் ஆண்டுக்கா நிரந்தரமா என்பது. கொட்டேஷனின் செல்லுபடிக் காலத்தையும் பாருங்கள். விண்ணப்பித்து முடிவு வரப் பல மாதம் ஆகும், அதற்குள் கொட்டேஷன் காலாவதியாகி, வெளிநாட்டு நாணயத்தில் விலை என்றால் மாற்று விகிதமும் நகர்ந்துவிட்டிருக்கும். விற்பனையாளரிடம் இதைச் சொல்லி நீண்ட காலத்துக்கு விலை உறுதி வாங்க முடியுமா என்று கேட்டால் பலர் கொடுப்பார்கள்.

கருவி வந்தபிறகு ஓடுவதற்கான செலவை எழுதாமல் விடுவதைத்தான் நான் மன்னிக்கவே மாட்டேன். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஐசிபி-எம்எஸ்ஸில் மாதிரியை அணுக்களாக உடைக்கும் மிகச் சூடான வாயுவான பிளாஸ்மா எரிய நிமிடத்துக்குச் சுமார் 15 முதல் 20 லிட்டர் ஆர்கான் வாயு வேண்டும். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 50 லிட்டர் சிலிண்டரில் இருப்பது, சாதாரண அழுத்தத்துக்கு வந்தால், ஏறத்தாழ 10,000 லிட்டர். அதாவது ஒரு சிலிண்டர் 8 முதல் 11 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தினமும் ஓட்டினால் தினமும் ஏறக்குறைய ஒரு சிலிண்டர். இந்தப் பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும்? மானியம் கருவிக்கு மட்டும்தான் என்று விதி இருந்தால் கல்லூரி நிர்வாகம் இதற்கு எழுத்தில் பொறுப்பேற்கவேண்டும், 'நிறுவனம் தேவையான ஆதரவு அளிக்கும்' என்ற பொத்தாம்பொதுவான வரி உதவாது. வாரண்டி முடிந்தபின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் இப்போதே விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர்களில் பலர் வாயு வாங்கப் பணமில்லாமல் உறை போட்டு மூடிக் கிடக்கும் கருவிகளைப் பார்த்தவர்கள், அவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டினாலே பாதி நம்பிக்கை வந்துவிடும்.

இடமும் அப்படித்தான். அறையின் மின்சாரம் எவ்வளவு தாங்கும், எர்த்திங் சரியாக இருக்கிறதா, தரை எடையைத் தாங்குமா, பெட்டி வாசல் வழியாக நுழையுமா, லிஃப்டில் ஏறுமா என்றெல்லாம் விற்பனையாளர் தரும் இட ஆயத்தக் குறிப்பில் இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கி கேட்பவர்கள் லிஃப்டுக்குப் பக்கத்து அறையைக் காட்டுவதை என்னவென்று சொல்வது, அதிர்வும் காந்தப்புலமும் படத்தைக் குலைத்துவிடும்.

யார் ஓட்டுவார்கள் என்பதற்கு ஆய்வு மாணவர் ஒருவரின் பெயரை எழுதினால், அவர் பட்டம் வாங்கிப் போனபிறகு என்ன என்று கேட்பார்கள். நிரந்தரப் பணியாளர் ஒருவர், அவருக்கு மாற்றாக இன்னொருவர், இருவருக்கும் பயிற்சி. அப்புறம் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆராய்ச்சிக்கு, எவ்வளவு மாணவர் பயிற்சிக்கு, எவ்வளவு வெளியாருக்கு என்று ஒரு அட்டவணை.

பட்டியல் போட்டுக் கேட்பதையும் விடுங்கள். துறையில் எல்லாருக்கும் ஒன்று என்று ஓவன், சென்ட்ரிஃபியூஜ், பிஎச் மீட்டர் எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் கட்டினால் அது ஆராய்ச்சித் திட்டமாகத் தெரியாது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆய்வுக் கருவிகளுக்காக நடத்தும் எம்ஆர்ஐ (Major Research Instrumentation) மானியத் திட்டம் ஒருங்கிணைந்த ஒற்றைக் கருவிக்குத்தான், ஆய்வகத்தை நிரப்பும் கருவித் தொகுப்புக்கு அல்ல என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கனடாவின் புத்தாக்க அறக்கட்டளை வழக்கமாகத் திட்டச் செலவில் 40 சதவீதம் வரைதான் தரும், மீதியை மாகாண அரசு, கல்லூரி, கூட்டாளி நிறுவனங்களிடமிருந்து திரட்டவேண்டும். அந்த மீதியில் விற்பனையாளரின் தள்ளுபடியைப் பங்களிப்பாகக் காட்டலாம் என்று சிலர் நினைப்பார்கள், ஆனால் கல்வி நிறுவனங்களுக்கு வழக்கமாகவே கிடைக்கும் தள்ளுபடியை அங்கே பங்களிப்பாக ஏற்கமாட்டார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் அமைப்பின் விதி இந்த இடங்களில் என்ன சொல்கிறது என்று எழுத ஆரம்பிக்கும் முன்பே படியுங்கள். போன வருடத்து விதியை அல்ல, இந்த வருடத்து விதியை.

கல்லூரிக்குள்ளேயே நடக்கவேண்டிய வேலைக்கு நாள் ஒதுக்குங்கள். முதல்வர் கையெழுத்து, நிதிப் பிரிவின் ஒப்புதல், கொள்முதல் பிரிவின் விதி, கட்டடப் பராமரிப்பாளரின் ஒரு வரிக் குறிப்பு எல்லாம் கடைசி நாளில் கிடைக்காது. குறிப்பாகக் கொள்முதல் பிரிவிடம் முன்பே பேசவேண்டும், ஏனென்றால் ஒரே நிறுவனத்தின் பிரோஷரைப் பார்த்து ஸ்பெசிஃபிகேஷன் எழுதியிருந்தால் மானியம் வந்தபிறகு டெண்டரில் அது சிக்கும், போட்டி நிறுவனம் ஆட்சேபித்தால் காலக்கெடுவுக்குள் பணத்தைச் செலவழிக்க முடியாமல் போகலாம். எவ்வளவு குறைந்த அளவு வரை ஈயத்தைக் கண்டறியவேண்டும் என்று வேலையை வைத்து எழுதுங்கள், ஒரு மாடலுக்கு மட்டுமே இருக்கும் அம்சத்தை வைத்து எழுதாதீர்கள்.

கிடைக்காமல் போனால் மதிப்பீட்டாளர் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள், பல அமைப்புகள் தருகின்றன. அதே விண்ணப்பத்தில் தேதியை மட்டும் மாற்றி அடுத்த சுற்றுக்கு அனுப்பாதீர்கள், பழைய மதிப்பீட்டாளரே மறுபடி படிக்க நேரலாம். ஒவ்வொரு குறிப்புக்கும் எந்தப் பத்தியில் பதில் சொல்லியிருக்கிறோம் என்று குறித்துக்கொண்டு, கொட்டேஷனைப் புதுப்பித்து, இடைப்பட்ட மாதங்களில் வெளியே கட்டணம் கட்டிப் பரிசோதித்த மாதிரிகளின் எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.