கியர் வண்டியில் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது எப்படி? அம்பை ரோட்டில் ஒரு பாடம்

புது கார் எடுத்து மூன்று மாதம் ஆன சித்தப்பா மகன் ஒருநாள் போன் செய்தான். "அண்ணே, லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் குடுக்கும்னு சொல்லித்தான் வாங்குனேன். பதினாலைத் தாண்ட மாட்டேங்கு. வண்டியில ஏதோ கோளாறு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் (அம்பை) ரோட்டில் சேரன்மகாதேவி வரை போனேன். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. சும்மா வருவானேன் என்று அவன் பிரேக் மிதிப்பதை எண்ணிக்கொண்டு வந்தேன். பேட்டையைத் தாண்டுவதற்குள் நாற்பது ஆகிவிட்டது, எண்ணுவதை விட்டுவிட்டேன். பெட்ரோல் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம்கூட ஆகாதவர்களுக்கு இது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் போகாதீர்கள், ரோட்டைப் பார்ப்பதா காலைப் பார்ப்பதா என்று குழம்பிவிடும். வாரத்துக்கு ஒரு படி போதும்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

பங்கில் டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். நாசில் 'டக்' என்று தானாக நிற்கும். அதோடு போதும். "ரவுண்டா போட்டுறவா சார்?" என்று பையன் கேட்பான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ரவுண்டில்தான் கணக்கு கெடுகிறது. டேங்கை விளிம்பு வரை நிரப்புவது வண்டிக்கும் நல்லதில்லை. பிறகு டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள்.

குறைந்தது 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு, அதே பங்கில், முடிந்தால் அதே நாசிலில், மறுபடி 'டக்' வரை நிரப்புங்கள். டிரிப் மீட்டர் 312 காட்டுகிறது, இப்போது பிடித்தது 19.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 312-ஐ 19.5-ஆல் வகுத்தால் 16. இதுதான் உங்கள் மைலேஜ். டாஷ்போர்டில் ஓடும் எண்ணைப் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன நோட்டை வண்டியிலேயே போட்டுவையுங்கள், கடைசிப் படியில் அது தேவைப்படும்.

இன்னொன்று. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகையால் பத்து வருடத்துக்கு முன்னால் மாமா வண்டி குடுத்த மைலேஜோடு உங்கள் வண்டியை ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம்.

படி 2: டயரில் காற்று

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு காற்று என்று அதில் போட்டிருக்கும். பஞ்சர் கடையில் "எல்லாத்துக்கும் முப்பது தான்" என்றால் கேட்காதீர்கள். காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பிடிப்பதுதான் சரி. சித்திரை வெயிலில் ஓட்டிவிட்டு அளந்தால் மூன்று நான்கு பாயிண்ட் கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

படி 3: கிளப்பும்போது

ஸ்டார்ட் செய்து, வாசலில் ஐந்து நிமிடம் உறுமவிட்டுப் பிறகு எடுப்பது பழைய பழக்கம். இன்றைய வண்டிக்கு, அதுவும் நம் ஊர் வெப்பத்துக்கு, அது தேவையே இல்லை. அரை நிமிடம் போதும், எடுத்துவிடலாம். முதல் இரண்டு கிலோமீட்டரை மட்டும் விரட்டாமல் ஓட்டுங்கள். ஓடித்தான் எஞ்சின் சீக்கிரம் சூடாகும்.

அடுத்து இடது கால். கியர் மாற்றி முடிந்ததும் அது கிளட்சை விட்டு முழுசாக இறங்கித் தரையில் இருக்க வேண்டும். சும்மா மேலே வைத்திருப்பதாக நினைப்போம், ஆனால் காலின் கனத்திலேயே கிளட்ச் லேசாக நழுவும். எஞ்சின் சுற்றும், சக்கரத்துக்கு முழுசாகப் போய்ச் சேராது. பெட்ரோலோடு கிளட்ச் பிளேட்டும் தேயும். பிளேட் மாற்றும் செலவில் பல டேங்க் பெட்ரோல் போட்டுவிடலாம்.

ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது வண்டிகள் தேங்கி நிற்கும் பாருங்கள், அங்கே நிறையப் பேர் அரை கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்திருப்பார்கள். அது வேண்டாம். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு நியூட்ரலில் நில்லுங்கள். முன்வண்டி நகர்ந்ததும் ஃபர்ஸ்ட் போட்டு, கிளட்ச் பிடிக்கும் இடம் வந்து வண்டியின் முகம் லேசாகத் தூக்கும்போது ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். பின்னால் உருளாது. ஒரு காலி மேட்டில் பத்து தடவை பழகினால் கைக்கு வந்துவிடும்.

படி 4: கியரைச் சீக்கிரம் மாற்றுங்கள்

ஃபர்ஸ்ட் கியர் வண்டியை நகர்த்த மட்டும்தான். ஒரு வண்டி நீளம் நகர்ந்ததும் செகண்ட். சமதளத்தில் 30 வந்ததும் மூன்று, 45-க்குப் பக்கத்தில் நான்கு, 60-ஐ ஒட்டி ஐந்து. இது சின்ன பெட்ரோல் கார்களுக்குத் தோராயமான கணக்கு. ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) காட்டும் முள் இருந்தால் 2,000-க்கும் 2,500-க்கும் நடுவில் மாற்றுங்கள். டீசல் என்றால் இன்னும் முன்னாலேயே மாற்றலாம். சில வண்டிகளில் கியர் மாற்றச் சொல்லி அம்புக்குறி வரும், அதையும் நம்பலாம்.

நான் நம்புவது காதை. எஞ்சின் கத்தினால் மேல் கியர் கேட்கிறது. ஸ்டியரிங்கில் ஒரு உதறல் வந்து, அடித்தொண்டையில் 'டுர்ர்' என்று முனகினால் கீழ் கியர் கேட்கிறது. மிச்சம் பிடிக்கிறேன் என்று 35-இல் டாப் கியரைப் போட்டு உருட்டுபவர்களும் இருக்கிறார்கள். அப்போது ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்காது. பெட்ரோலும் போகும், எஞ்சினும் நோகும். மேட்டிலும் முந்தும்போதும் தயங்காமல் ஒரு கியர் குறையுங்கள்.

படி 5: பிரேக்கை எண்ணுங்கள்

நேரம் எடுத்துப் பழக வேண்டியது இந்தப் படிதான்.

வண்டியை 60-க்குக் கொண்டுவரப் பெட்ரோல் செலவழித்தீர்கள். பிரேக் அடித்ததும் அந்த வேகம் முழுவதும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. மறுபடி 60-க்கு வர மறுபடி பெட்ரோல். ஆக, தேவையில்லாத ஒவ்வொரு பிரேக்குக்குப் பின்னாலும் ஒரு வீண் ஆக்ஸிலேட்டர் இருக்கிறது.

இதற்குக் காலைவிடக் கண்தான் வேலை செய்ய வேண்டும். சுத்தமல்லி தாண்டி அம்பை ரோட்டில் போகிறீர்கள். தூரத்தில் ஆட்டுக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது. பக்கத்தில் போய் பிரேக் அடித்து, ஹாரன் அடித்து, நின்று கிளம்புவது ஒரு வழி. கண்ணில் பட்ட உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது இன்னொரு வழி. கியரில் இருந்தபடியே வண்டி 60, 50, 40 என்று தானாகக் குறையும். நீங்கள் போய்ச் சேரும்போது கடைசி ஆடும் இறங்கியிருக்கும், செகண்ட் கியரில் அப்படியே போய்விடலாம். ஊருக்கு ஊர் வரும் வேகத்தடைகளுக்கும் இதேதான். கார், பிசானம் என்ற நெல் பருவங்களின் அறுவடை நாட்களில் பாதி ரோட்டில் நெல் காயும், எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கத்தான் வேண்டும். அதை நூறு மீட்டருக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் ஒரு லாபம் உண்டு. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில், ஆக்ஸிலேட்டரை விட்டு, வண்டி கியரிலேயே உருளும்போது, எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் அதை விடுவதை நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, செலவு பூஜ்யம். ஆர்பிஎம் ஐட்லிங்குக்கு (வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் சுற்றும் அளவுக்கு) அருகில் இறங்கும்போதுதான் மறுபடி விடும்.

இப்போது அந்தப் பழைய அறிவுரைக்கு வருகிறேன். "இறக்கத்துல நூட்ரல் போட்ரு தம்பி, எண்ணெய் மிச்சம்" என்று சொல்லாத டிரைவர் அண்ணாச்சி நம் பக்கம் கிடையாது. அவர் பொய் சொல்லவில்லை. அம்பாசடர், பத்மினி காலத்துக் கார்புரேட்டர் வண்டிக்கு அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இன்றைய வண்டியில் கணக்கு தலைகீழ். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும், கியரில் விட்டால் குடிக்காது. சொரிமுத்தையனார் கோயில் போய்விட்டுப் பாபநாசத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் நியூட்ரலில் வந்தால் வண்டியைப் பிடிக்க பிரேக் ஒன்றுதான் இருக்கும், அதுவும் வளைவுக்கு வளைவு சூடேறிப் பிடிமானம் குறையும். மூன்றிலோ இரண்டிலோ போட்டு இறங்குங்கள். எஞ்சினை அணைத்து உருட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஸ்டியரிங் கல்லாகிவிடும், இரண்டு மூன்று மிதியில் பிரேக்கும் கெட்டியாகிவிடும்.

படி 6: கேட்டில் அணையுங்கள்

செங்கோட்டை ரயில் பாதையோடு ஒட்டிப் போகும் ஊர்களில் கேட் அடைத்தால் ஐந்து நிமிடமும் ஆகும், பத்தும் ஆகும். சும்மா நிற்கும் எஞ்சின் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும், ஏசி ஓடினால் கூடுதல் பக்கம். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தாலே அணைத்துவிடலாம். ரயில் ஹாரன் கேட்டவுடனே எல்லோரும் ஸ்டார்ட் செய்வார்கள், பைக்குகள் முன்னால் நெருக்கும். அவசரப்படாதீர்கள். கடைசிப் பெட்டி போய், கேட் தூக்கி, எதிர்ப்பக்கத்து லாரி கடந்து, அதற்குப் பிறகுதான் உங்கள் முறை.

படி 7: ஏசி

வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏசியை முழுசாகத் திருகாதீர்கள். நான்கு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டினால் உள்ளே வெந்துகொண்டிருக்கும் காற்று வெளியே போய்விடும், அப்புறம் போடுங்கள். டவுன் ரத வீதிகளில் ஊர்ந்து போகும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் மிச்சம்தான். 70-க்கு மேல் அது சரிவராது, திறந்த கண்ணாடிக்குள் புகும் காற்றே வண்டியைப் பிடித்து இழுக்கும். அங்கே ஏசிதான் சரி. சித்திரை மதியத்தில் பாட்டியை ஏற்றிக்கொண்டு ஏசி போடாமல் மிச்சம் பிடிக்க வேண்டாம். அது சிக்கனம் இல்லை, கொடுமை.

படி 8: டிக்கியைத் திறந்து பாருங்கள்

சித்தப்பா மகன் டிக்கியில், தென்காசியிலிருந்து வாங்கி வந்த அரை மூட்டை தேங்காய் ஒரு மாதமாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. இறக்கிவையுங்கள். மேலே கேரியர் மாட்டியிருந்தால், தேவையில்லாத நாளில் கழற்றிவிடுங்கள்.

படி 9: நான்கு வழிச்சாலையும் எதிர்காற்றும்

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-இல் போவதற்கும் 100-இல் போவதற்கும் வேக வித்தியாசம் கால் பங்கு, எதிர்ப்பில் வித்தியாசம் பாதிக்கு மேல். திருநெல்வேலியிலிருந்து காவல்கிணறு சுமார் 60 கிலோமீட்டர். 100-இல் போனால் 36 நிமிடம், 80-இல் போனால் 45. அந்த ஒன்பது நிமிடத்தை நாங்குநேரி டோல்கேட் வரிசையிலேயே விட்டுவிடும் நாட்கள் உண்டு. நான் 80-இல் இடது பக்கமாகப் போகிறவன், முந்திப்போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தால் வேறு கணக்கு. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து கணவாய் வழியாக அடிக்கும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. நாகர்கோவில் பக்கம் போகும்போது அது நேரே முகத்தில் அடிக்கும். காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, நீங்கள் 80-இல் போகிறீர்கள் என்றால், வண்டி 110-க்கான காற்றோடு மல்லுக்கட்டுகிறது, எதிர்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. அங்கே 60, 65-க்கு இறங்கிவிடுங்கள், ஸ்டியரிங்கும் கையில் நிற்கும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், காலை லேசாக வைத்தாலே போதும். ஆனாலும் போகும்போது விட்டது வரும்போது முழுசாகத் திரும்பாது.

அந்த மாதங்களில் தெற்கே போய்வந்த டேங்குக்கு மைலேஜ் குறைந்திருந்தால் பதறி மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் 'காற்று' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு, அடுத்த டேங்கை நிரப்புங்கள்.