டொராண்டோ பேக்யார்ட்ல கேல் வளர்க்கலாம் வாங்க

இங்க முளைக்கீரை எல்லாம் கோடையோட சரி, ராத்திரி குளிர ஆரம்பிச்சா படுத்துடும். கேல் (kale) கீரை அப்படி இல்லங்க, முட்டைகோஸ் குடும்பம், குளிர்தான் அதுக்கு இஷ்டம், பனி விழுந்தப்புறம் செடி உறைஞ்சு போகாம இருக்க இலைல சர்க்கரைய ஏத்திக்கும், அதனால அக்டோபர் கடைசி, நவம்பர்ல பறிக்கற இலை ஜூலை இலைய விட கசப்பு கம்மியா இருக்கும். ஏப்ரல் கடைசில ஒருவாட்டி, ஜூலை நடுவுல ஒருவாட்டி விதைங்க. ஒன்னுதான் முடியும்னா ஜூலைதான் என் ஓட்டு.

எந்த வெரைட்டின்னா லாசினாட்டோ, டைனோசர் கேல்னு விக்கறாங்களே அது. நீட்டு இலை, கழுவ ஈஸி, பொடிசா நறுக்க வரும். சுருட்டை கேல் பாக்க அழகு, ஆனா மடிப்புக்குள்ள பூச்சி ஒளிஞ்சா தேடி மாளாது.

நல்ல வெயில் படற இடம், கம்போஸ்ட் கலந்த மண்ணு, அரை இன்ச் ஆழம், செடிக்கு செடி ஒன்றரை அடி. தொட்டின்னா அஞ்சு கேலன் பக்கெட்டுக்கு ஒரு செடி போதும். போன வருஷம் கோஸ், ப்ராக்கோலி, கடுகு வச்ச இடத்துல மட்டும் வைக்காதீங்க, வேர் வீங்கற நோய் மண்ணுலயே தங்கியிருக்கும்.

பெரிய தலைவலி வெள்ளை பட்டாம்பூச்சிதான். இலைக்கு அடில ஒன்னொன்னா மஞ்சள் முட்டை வச்சிட்டு போயிடும், அதுலேர்ந்து வர்ற புழு இலை கலர்லயே நடு நரம்பு மேல ஒட்டிட்டு படுத்திருக்கும், கண்ணுக்கே தெரியாது, கரும்பச்சையா எச்சம் கிடந்தா அதுக்கு மேல இருக்கற இலைய திருப்பி பாருங்க. நட்ட அன்னிக்கே வலை போட்டு ஓரத்த மண்ணால மூடிட்டா பாதி தொல்லை விட்டுது, இலைக்காக வளர்க்கறதால தேனீ வரணும்னு கவலையும் இல்ல. மீறி வந்தா கையால பொறுக்குங்க, இல்லன்னா Bt ஸ்ப்ரே (புழுவ கொல்ற பாக்டீரியா மருந்து) வாங்கி சாயங்காலமா அடிங்க, வெயில் பட்டா அதோட பவர் சீக்கிரம் போயிடும். அசுவினிக்கு ஹோஸ் பைப்ல வேகமா தண்ணி அடிச்சாலே போதும்.

இலை உள்ளங்கை சைஸ் வந்ததும் பறிக்கலாம். எப்பவும் அடி இலைதான் முதல்ல, ஒரு கையால தண்ட பிடிச்சுக்கிட்டு காம்ப கீழ்ப்பக்கமா இழுத்தா படக்குன்னு வந்துடும். நடு குருத்த தொடவே கூடாது, மேல அஞ்சாறு இலையாவது விட்டு வைங்க. இப்படியே பறிச்சிட்டு வந்தா தண்டு மொட்டையா நீண்டு குட்டி பனைமரம் மாதிரி நிக்கும், பயப்படாதீங்க, அப்படித்தான் இருக்கணும்.

சமைக்கறப்ப நடு நரம்ப கிழிச்சு எடுத்துடுங்க, உப்புத்தண்ணில கொஞ்ச நேரம் போட்டா மிச்ச பூச்சி மிதந்துடும். மத்த கீரை மாதிரி உடனே வேகாது, தண்ணி தெளிச்சு மூடி வச்சு கடைசில தேங்காய் போடுங்க. குளிர்காலம் தாண்டி செடி பிழைச்சா வசந்தத்துல மொட்டு விடும், பூ விரியறதுக்குள்ள கிள்ளி அதையும் பொரியல் பண்ணிடுங்க.