பார்க்கிங்கில் நிற்கும் டிரிஃப்ட் வண்டியை அடையாளம் காண்பது எப்படி?

ஜப்பானின் ஃபுகுஷிமாவில், நிஹொன்மட்சு மலைச்சரிவில் இருக்கிறது எபிசு சர்க்யூட் என்ற பந்தயத் தடம். வளைவில் வண்டியை வேண்டுமென்றே பக்கவாட்டில் வழுக்கவிட்டு ஓட்டுவதுதான் டிரிஃப்ட். பக்கத்திலேயே சஃபாரி பூங்கா. டிரிஃப்ட் மட்சுரி, அதாவது டிரிஃப்ட் திருவிழா, நடக்கும் நாட்களில் டிராக்கைவிட பார்க்கிங்தான் சுவாரசியம் என்பது என் கட்சி. ஓடும்போது பாதி நேரம் புகைதான் தெரியும். நிற்கும்போது சாவகாசமாகப் பார்க்கலாம். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

படி 1: முகத்தை நம்பாதீர்கள்

இன்ஜின் முன்னால், இழுப்பது பின் சக்கரம்: டிரிஃப்டுக்கு இதுதான் அடிப்படை. அதிகம் கண்ணில் படுவது நிஸ்ஸான் சில்வியா (எஸ்13, எஸ்14, எஸ்15 என்ற தலைமுறைகள்). அதன் உடன்பிறப்பு 180எஸ்எக்ஸ். ஹெட்லைட் பானெட்டிலிருந்து எழும்பும். ஆனால் 180எஸ்எக்ஸ் உடம்பில் சில்வியா முகத்தை மாட்டிய வண்டிகளும் ஏராளம். 'சில்எய்ட்டி' என்பார்கள். மோதி மூக்கு போனால், எழும்பும் ஹெட்லைட்டை மறுபடி மாட்டுவதைவிட இது சுலபம். ஆகவே பின்பக்கம் போய்க் கண்ணாடியின் சரிவையும் பாருங்கள்.

நான்கு கதவு டொயோட்டா சேசரைக் குடும்ப கார் என்று தாண்டிப் போய்விட வேண்டாம். அதில் ஜேஇசட்எக்ஸ்100 என்ற மாடல் என்றால் உள்ளே 2.5 லிட்டர் டர்போ, 280 குதிரைத்திறன் இருக்கலாம்.

படி 2: நம்பர் பிளேட்

மேல் வரியில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண் 5-இல் தொடங்கினால் சின்ன கார், 3-இல் தொடங்கினால் பெரியது. அகலம் 1,700 மி.மீ. தாண்டினாலோ, பெட்ரோல் இன்ஜின் 2,000 சிசி தாண்டினாலோ 3 வந்துவிடும். சில்வியாக்களைப் பிரித்தறிய இது உதவும்: எஸ்13-இன் அகலம் 1,690. எஸ்14 1,730-க்குப் போனது, பலருக்குப் பிடிக்கவில்லை. எஸ்15-இல் நிஸ்ஸான் மறுபடி 1,695-க்கு இறங்கி வந்தது.

படி 3: குத்தவைத்து டயரைப் பாருங்கள்

ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் என்றால் இங்கே பாருங்கள். முன் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும். வண்டி பக்கவாட்டில் வழுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் முழுக்க ஒடிப்பார்கள். அந்த நிலையில் டயர் தரையில் படிந்து உட்காரத்தான் இந்தச் சாய்வு. பின் சக்கரம் ஏறக்குறைய நேராக நிற்கும். முன்னால் நல்ல டயர், பின்னால் எங்கோ கிடைத்த பழசு, அதுவும் வேறு டிசைன் ரிம்மில் என்றால் சந்தேகமே வேண்டாம். பின் சக்கரத்துக்குப் பின்னால் பாடியில் கருகல் பொடி போல ரப்பர் துணுக்குகள் அப்பியிருக்கும். சீட்டுக்குப் பின்னால் ஸ்டெப்னி ஒன்றல்ல, நாலைந்து டயர் அடுக்கியிருக்கும்.

பம்பரில் விரிசலைக் கேபிள் டையால் தையல் போட்டிருப்பதையும் பார்க்கலாம். அதை அலங்கோலம் என்று நினைக்காதீர்கள். நாளைக்கு மறுபடி சுவரில் உரசப் போகிற பம்பருக்கு யார் பெயின்ட் அடிப்பார்கள்?

படி 4: ஜன்னல் வழியாக

கியருக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி நெட்டாக நின்றால் அது ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக். பின் சக்கரத்தைச் சட்டென்று பூட்டத்தான் அது. நிறுத்தி வைக்க நம்ப முடியாது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அப்புறம் பக்கெட் சீட், கூண்டுக் கம்பி. இவற்றைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 5: காதைக் கொடுங்கள்

வண்டி மெதுவாக வளைந்து வெளியேறும்போது பின்னாலிருந்து 'கடக் கடக்' என்று சத்தம் வரும். உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) அது. வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைவாகச் சுற்ற வேண்டும். இது விடாது, டயர் துள்ளும்.

படம் எடுக்கும் முன் "ஷாஷின், ஈ தெஸ் கா?" என்று கேளுங்கள். சிலர் தலையாட்டுவதோடு நிற்காமல் பானெட்டையும் திறந்து காட்டுவார்கள். அப்படித் திறந்தால் சில்வியாவில் முதலில் இன்ஜின் தலையைப் பாருங்கள்: அதன் சொந்த நான்கு சிலிண்டர் இன்ஜினான எஸ்ஆர்20 இருக்க வேண்டிய இடத்தில் சேசரின் ஆறு சிலிண்டர் உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.