பிளாங்டன் வலையோடு வள்ளம் ஏறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சின்னமுட்டத்தில் ஒரு முதுகலை மாணவி நீரில் மிதந்து திரியும் சிற்றுயிர்களான பிளாங்டனை அரிக்கும் வலையை வள்ளத்தில் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். உள்ளே புகும் தண்ணீரை அளக்க வலைவாயில் கட்டியிருந்த ஃப்ளோமீட்டரின் விசிறி காற்றில் கிறுகிறுவென்று சுற்றியது. "சார், மீட்டர் நல்லா ஓடுது" என்றாள் சந்தோஷமாக. வலை இன்னும் தண்ணீரையே தொடவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே வயிற்றெரிச்சலும். அவளாவது மீட்டர் கட்டியிருந்தாள். அவள் வயதில் நான் அதுகூடச் செய்யவில்லை.

வாந்தி, வெயில், கேமரா நனைவதெல்லாம் கடலே கற்றுத்தரும். கடல் கற்றுத்தராத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் எண்ணுவது

ஒரு ஜூன், ஜூலை. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் குளச்சலில் ஒரு பெரியவரின் வள்ளத்தில் போனேன். 50 சென்டிமீட்டர் வாய் கொண்ட வலை, ஜிபிஎஸ்ஸில் 2 நாட் (மணிக்கு 2 கடல்மைல்) வேகம், பத்து நிமிட இழுவை. கணக்கு சுலபம்: 617 மீட்டர் தூரம், வாயின் பரப்பு 0.196 சதுர மீட்டர், ஆக 121 கனமீட்டர் நீர். நோட்டில் அழகாக எழுதிக்கொண்டேன்.

முட்டம் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தபோது பெரியவர் கேட்டார்: "மக்களே, நீ கரைய வச்சு அளக்க. வெள்ளம் எங்கோட்டு ஓடுகுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் அங்கே நீரோட்டம் தென்கிழக்கே ஓடும். நாங்களும் அதே திசையில்தான் போய்க்கொண்டிருந்தோம். ஜிபிஎஸ் காட்டியது தரையைக் கடந்த தூரம். வலைக்குள் புகுந்த தண்ணீர் அதைவிடக் குறைவு.

இதைவிட மோசமானது இன்னொன்று. அந்த மாதங்களில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்து, அதன் சத்தில் டயாட்டம் என்னும் நுண்பாசி பெருகும். வலையைத் தூக்கினால் பழுப்பும் பச்சையுமாக, கையில் தொட்டால் கஞ்சிப்பாடை போல வழவழக்கும். கண்ணிகள் அடைத்துப்போனால் வலை வடிகட்டாது. முன்னால் இருக்கும் நீரைத் தள்ளிக்கொண்டே போகும். பாட்டிலில் 12,000 கோபிபாட் (இறாலுக்கு உறவான சிற்றுயிர்) இருந்தால் 121-ஆல் வகுத்து, கனமீட்டருக்கு 99 என்று எழுதுவோம். உண்மையில் 40 கனமீட்டர்தான் புகுந்திருந்தால் அது 300.

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். இது அங்குமிங்கும் சிதறும் பிழை அல்ல. கடல் எப்போது செழித்திருக்கிறதோ சரியாக அப்போதுதான் ஏழை என்று காட்டும். சாளைக்கூட்டம் கரையோரம் துள்ளும்போது என் வரைபடம் பள்ளத்தில் கிடந்தது. ஆறு மாத பாட்டில்களில் எதையும் திருத்த வழியில்லை. விடுபட்ட எண்ணைப் பிறகு எங்கே போய்த் தேடுவது?

மீட்டரை வளையத்தின் நட்டநடுவில் கட்டாதீர்கள். நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் கட்டுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, நீரைத் தொடும் நேரத்தில் எண்ணைக் குறியுங்கள். வெளியே வந்த உடனே மறுபடி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காற்றாலையை மட்டும் சுற்றிவிட்டுப் போவதில்லை. துறைமுகத்துக்குள், வலையைக் கழற்றிவிட்டு, அளந்த தூரத்தில் போகவும் வரவும் இழுத்து மீட்டரைச் சரிபாருங்கள். ஒரே நேர இழுவைக்கு எண் குறைந்துகொண்டே வந்தால் வலை அடைக்கிறது என்று பொருள். பத்து நிமிட இழுவையை மூன்று நிமிடமாக்குங்கள்.

லேபிள்

பாட்டிலுக்கு உள்ளே. பென்சிலில்.

வெங்காரம் போடாத ஃபார்மலின்

மாதிரி கெடாமலிருக்கக் கடையில் வாங்கி ஊற்றும் ஃபார்மலினில் ஃபார்மால்டிஹைடு 37 முதல் 40 சதவீதம். அதில் ஒரு பங்குக்கு மாதிரி நீர் ஒன்பது பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 4 சதவீதம் வரும். அந்த நாலை ஃபார்மலினின் அளவு என்று எடுத்துக்கொண்டு ஊற்றுகிறவர்களின் பாட்டில் அழுகும். அமிலத்தை அடக்கும் வெங்காரத்தை (போராக்ஸ்) மறந்தால் நாளாக ஆக அமிலமேறி, நத்தைக் குஞ்சுகளின் ஓடு கரைந்துவிடும். பிறகு நுண்ணோக்கியில் தெரியும் சதைத் துணுக்கை எந்த இனம் என்று எழுதுவீர்கள்?

ஒரே வலை

200 மைக்ரான் கண்ணி கொண்ட வலை விலங்கு மிதவைக்கு. தாவர மிதவைக்கு 20. விவாதம் வேண்டாம்.

பகலில் மட்டும் இழுப்பது

கோபிபாட்களில் பல, பகலில் மீன் கண்ணுக்குத் தப்பிக் கீழே இறங்கி, இருட்டியதும் மேலே வரும். காலை பத்து மணிக்கு மேல்நீரை மட்டும் அரித்துவிட்டு 'இங்கே ஒன்றுமில்லை' என்று எழுதாதீர்கள். விடியுமுன் கிளம்பும் வள்ளத்தில் இடம் கேளுங்கள். கொடுப்பார்கள். அவர்கள் வலை இறக்கி முடிக்கும்வரை பேச்சுக் கொடுக்காதீர்கள்.