கிரேக்கத் தீவுப் பாட்டுக்குத் தாளம் போடுவது எப்படி?

ஈஜியன் கடல் தீவுகளின் நாட்டுப்பாடல்களுக்கு 'நிசியோதிகா' என்று பெயர். கிரேக்க மொழியில் 'நிசி' என்றால் தீவு. கிரேக்கம் தெரியாவிட்டால் பரவாயில்லை, கை இரண்டும் சும்மா இருந்தால் போதும்.

படி 1: நாக்சோஸ் தீவின் சிர்தோஸ் பாட்டு ஒன்றைத் தேடிப் போடுங்கள். கைகோத்து வளைந்து வளைந்து ஆடும் ஆட்டத்துக்கான இசை அது. பெரும்பாலும் வயலினும் லவூதோவும்தான் ஜோடி. லவூதோ நீண்ட கழுத்துள்ள நரம்பு வாத்தியம். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள்.

படி 2: வயலினை மறந்துவிடுங்கள். புதிதாகக் கேட்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். வயலின் சுழன்று, வழுக்கி, எங்கெங்கோ ஓடும். அதைத் துரத்தினால் தாளம் கைக்கு வராது. லவூதோவின் மீட்டலை மட்டும் கேளுங்கள். பாட்டைத் தாங்கிப் பிடிப்பது அதுதான்.

படி 3: வாயால் சொல்லுங்கள்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. பல சிர்தோஸ் பாட்டுகளில் இந்த நடை பளிச்சென்று கேட்கும். கடைசி 'தக'வை அவசரப்பட்டு 'தகிட' ஆக்கிவிடாதீர்கள். எட்டு ஒன்பதாகி, இரண்டாவது சுற்றிலேயே பாட்டு உங்களை விட்டுப் போய்விடும். எனக்கு ஒரு வாரம் அப்படித்தான் போனது.

படி 4: கை பழகியதும் கலமத்தியானோஸ் என்ற ஆட்டத்தின் பக்கம் போங்கள். பெயர் தெற்கே பெருநிலத்திலுள்ள கலமாத்தா ஊரைச் சொன்னாலும், தீவுகளிலும் ஆடுவார்கள். அது ஏழு: தகிட தக தக. கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளம் தெரிந்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

சரி, இனி வயலினுக்குத் திரும்பலாம். இப்போது அது எவ்வளவு ஓடினாலும் உங்கள் கை தடுமாறாது.

படி 5: அப்புறம் கார்பதோஸ் தீவு. அங்கே வயலின் இருக்கும் இடத்தில் லீரா என்ற வில் வாத்தியம். மூன்று தந்தி; தொடையில் நிமிர்த்தி வைத்து, தந்தியை மேலிருந்து அழுத்தாமல் நகத்தால் பக்கவாட்டில் தொட்டு வாசிப்பார்கள். கூடவே ஆட்டுத்தோலில் செய்த துருத்தி வாத்தியமான த்சம்பூனாவும் சேரும். விருந்தில் உட்கார்ந்தவர்கள் மந்தினாதா பாடுவார்கள்: வரிக்குப் பதினைந்து அசை, இரண்டே வரி, இறுதியில் இயைபு. பலவும் அந்த இடத்திலேயே கட்டுபவை. ஒருவர் பாடி முடித்ததும் எதிரே இருப்பவர் பதில் கட்டுவார். அந்த நேரத்தில் மட்டும் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.